கோட்டுக்கு வெளியே நிற்பவர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கெல்லாம் அவர் வந்துவிடுவார். சித்தூர் மெசானிக் மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டீக்கடையில் சுவரோர பெஞ்சு அவருடையது. வேறு யாராவது உட்கார்ந்திருந்தாலும் அவரைக் கண்டதும் நகர்ந்து இடம் விடுவார்கள். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் சிவப்பும் நீலமுமாக இரண்டு பேனா, கக்கத்தில் நீளவாக்கில் மடித்த ஒரு நோட்டு. கடைக்காரர் கேட்காமலே சர்க்கரை கம்மியாக ஒரு டீ போட்டு நீட்டுவார். முதல் வாய் குடித்த பிறகுதான் நோட்டு திறக்கும். அதுவரை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

எதிர் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்பது என் வழக்கம். அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வேண்டும் என்றும் தோன்றியதில்லை. அவர் பேசும்போது குறுக்கே விழுந்தால் ஏதோ ஒன்று நின்றுபோய்விடும் என்ற பயம் எனக்கு உண்டு.

எல்லோருக்கும் அவர் கண்டக்டரய்யா. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே அரசுப் பேருந்தில் காலமெல்லாம் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாக ஒரு நாளைக்கு இத்தனை நடை என்று ஓடியவர். இப்போதும் பேசும்போது வலது கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் ஓரத்தை உரசிக்கொண்டே இருக்கும். டிக்கெட் கிழித்துக் கிழித்துப் பழகிய விரல். பேச்சு சூடானால் உரசலும் வேகமாகும். ஒரு ஆட்டக்காரனைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல வரும்போது மட்டும் அந்த விரல் நின்றுவிடும். இதைப் பல வாரம் கவனித்திருக்கிறேன்.

வீட்டில் தமிழ், படித்தது தெலுங்கு. நோட்டில் பெயர்கள் தெலுங்கில் இருக்கும், வாய் தமிழில் பேசும். 1911-இல் வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்துச் சேர்த்த மாவட்டம் இது. 1960-இல் எல்லை திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, சித்தூர் ஆந்திரப் பக்கமே நின்றது. அதனால் இந்தப் பெஞ்சில் சென்னை சூப்பர் கிங்ஸுக்கும் ஆள் உண்டு, சன்ரைசர்ஸுக்கும் ஆள் உண்டு. கபடி என்றால் தமிழ் தலைவாஸும் தெலுகு டைட்டன்ஸும் ஒரே வீட்டுக்குள் சண்டை போடும். கண்டக்டரய்யா எந்தக் கட்சியும் கிடையாது. "ஆடறவன் கட்சி நைனா" என்பார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கூட்டம் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. ஒரு ஆட்டோக்காரர், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர், மாம்பழக் கூழ் பேக்டரியில் வேலை செய்யும் ஒருத்தர், கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர். மாம்பழ சீசன் என்றால் பேக்டரிக்காரர் வரமாட்டார். மற்றபடி வாரா வாரம் இதே முகங்கள்தான். போன ஞாயிறிலிருந்து இந்த ஞாயிறு வரை என்ன ஆட்டம் நடந்ததோ, அதைப் பற்றிக் கண்டக்டரய்யா தன் கருத்தைச் சொல்வார். மற்றவர்கள் மறுப்பார்கள். அவர் திரும்பவும் சொல்வார். இரண்டாவது டீ வரும்.

அவருடைய கருத்துகள் பெரும்பாலும் ஊர் பேசுவதற்கு எதிர்ப்பக்கம் நிற்கும். நிதிஷ் குமார் ரெட்டி 2024 டிசம்பரில் மெல்போர்னில் 114 அடித்த வாரம் கடையே பொங்கிக்கொண்டிருந்தது. விசாகப்பட்டினத்துப் பையன், எட்டாவது ஆளாக இறங்கி நூறு அடித்தவன், கேட்க வேண்டுமா? எல்லோரும் அந்த நூறாவது ரன்னைப் பற்றியே பேசினார்கள். அவர் அதற்கு முந்தின மூன்று பந்தைப் பற்றிப் பேசினார். பையன் 99-இல் நிற்கிறான், மறுமுனையில் கடைசி ஆளாக வந்த சிராஜ், போடுவது கம்மின்ஸ். அந்த மூன்று பந்தையும் சிராஜ் தடுத்தார். "நூறு அடிச்சவன் பேரு எல்லாரும் எழுதுவாங்க. அந்த மூணு பந்த நீ எழுதி வச்சியா?" என்று கல்லூரிப் பையனிடம் கேட்டார். தன் நோட்டைத் திருப்பிக் காட்டினார். சிவப்பு மையில் மூன்று புள்ளி. அவ்வளவுதான்.

சிட்னி பற்றியும் அப்படித்தான். 2021 ஜனவரியில் ஹனுமா விஹாரி தொடைத் தசை கிழிந்த காலோடு 161 பந்து நின்று 23 ரன் எடுத்தார். இன்னொரு பக்கம் முதுகு வலியோடு அஸ்வின் 128 பந்து ஆடினார். காக்கிநாடாக்காரருக்கும் சென்னைக்காரருக்கும் நடுவில் தமிழ் ஓடியது, ஸ்டம்ப் மைக்கில் கேட்டது. டெஸ்ட் டிரா ஆனது. கண்டக்டரய்யாவுக்கு ஆந்திரக் கிரிக்கெட்டின் மிகப் பெரிய ஸ்கோர் எது என்று கேட்டால் இருபத்து மூன்று என்பார். அதைச் சொல்லும்போது விரல் உரசாது.

விலை பற்றிப் பேச்சு வந்தால் அவர் பவன் செஹ்ராவத் கதையை எடுப்பார். 2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அவரை 2.26 கோடிக்கு வாங்கியது. புரோ கபடியில் அதுவரை யாருக்கும் கொடுக்காத தொகை. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய் அந்த சீசன் முழுக்க உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் தலைவாஸ் கதை முடிந்தது என்றார்கள். அந்த வருடம்தான் அணி முதல் தடவையாக அரையிறுதிக்குப் போனது. தூக்கிக்கொண்டு போனவன் நரேந்தர் என்ற புதுப் பையன், முதல் சீசனிலேயே ரைடில் 200 பாயிண்டுக்கு மேல் எடுத்தான். அடுத்த ஏலத்தில் டைட்டன்ஸ் பவனை 2.60 கோடிக்கு வாங்கியது. அந்த சீசனில் டைட்டன்ஸ் கடைசி இடம்.

"பவன் மேல தப்பு இல்ல. அவன் ஆட்டக்காரன், காலு போச்சு, இன்னா பண்ணுவான்? வெலைய வச்சி ஆட்டத்தப் பாக்கறான் பாரு, அவன் மேலதான் தப்பு. நரேந்தர அதுக்கு முந்தி எவன் பாத்தான்? எங்கியோ ஒரு மண்ணு கிரவுண்டுல அவன் ஆடிக்கினுதான இருந்தான்?"

இந்தக் கேள்விதான் அவருடைய எல்லாக் கருத்துக்கும் அடியில் இருப்பது. பல மாதம் கேட்ட பிறகே எனக்கு இது பிடிபட்டது. எந்த ஆட்டத்தை எடுத்தாலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வருவார். பெரிய மைதானத்துக்கு வருவதற்கு முன்னால் அவனை யார் பார்த்தார்கள்?

அமெரிக்கா அவர் பேச்சுக்குள் வந்தது மகள் வழியாக. மகள் குடும்பம் நெப்ராஸ்காவில் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு ஒரு தடவை போய்ச் சில மாதம் தங்கிவிட்டு வந்தார். போனவர்கள் கட்டடம் பற்றியும் குளிர் பற்றியும் சொல்வார்கள். இவர் சொல்வது லிங்கன் நகரத்துச் சனிக்கிழமையை. அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிக்கு மெமோரியல் ஸ்டேடியம் என்று ஒன்று இருக்கிறது. கால்பந்து என்றால் நம்முடையது இல்லை, கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். 1962-லிருந்து அங்கே நடந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுக்க விற்றுப்போயிருக்கிறது. அணி ஜெயித்த வருடமும் விற்றது, தோற்ற வருடமும் விற்றது. ஆடுகிறவர்கள் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள். பார்க்க வருகிறவர்கள் தாத்தா, பாட்டி, கைக்குழந்தை வரை சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

"தோத்தாலும் வர்றான் நைனா. அதான் எனக்கு ஆச்சரியம். இங்க ரெண்டு மேட்ச் தோத்தா சட்டைய கழட்டிப் போட்டுட்டுப் போறோம்."

சனிக்கிழமை சாயங்காலம் அங்கே ஆட்டம் என்றால் இங்கே ஞாயிறு விடியல். மகளோ பேரனோ போனில் கூப்பிட்டு ஸ்கோர் சொல்வார்கள், துண்டு துண்டாக வீடியோ அனுப்புவார்கள். அதைப் பார்த்துவிட்டு நேரே டீக்கடைக்கு வருவார். அதனால் அந்த சீசனில் ஞாயிற்றுக்கிழமையின் முதல் கருத்து நெப்ராஸ்காவைப் பற்றியதாக இருக்கும். ஆட்டோக்காரருக்கு அந்த ஆட்டத்தின் விதி ஒன்றும் தெரியாது. ஆனாலும், "நம்ம பசங்க ஜெயிச்சாங்களா?" என்று கேட்பார்.

ஒரு ஞாயிறு அவர் சொன்ன சேதி என்னை இருந்த இடத்தில் நிமிர வைத்தது. அமெரிக்காவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட ஆட்டத்துக்கு, சனிக்கிழமை கல்லூரி ஆட்டத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை காசு வாங்கி ஆடும் தொழில்முறை லீகுக்கு என்று நாள் பிரிந்து கிடக்கிறது. இது வெறும் வழக்கமாக மட்டும் நிற்கவில்லை. 1961-இல் அவர்கள் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. லீக் அணிகள் ஒன்றாகச் சேர்ந்து டெலிவிஷன் உரிமையை விற்கலாம் என்று அதில் சலுகை கொடுத்தார்கள். ஆனால் செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை, வெள்ளி ராத்திரியும் சனிக்கிழமையும் பள்ளி, கல்லூரி ஆட்டம் நடக்கும் இடங்களில் லீக் தன் ஆட்டத்தைக் காட்டினால் அந்தச் சலுகை செல்லாது. பெரிய லீக் டிவியில் ஓடினால் கல்லூரி மைதானத்துக்கு யார் வருவார்கள் என்ற கவலையில் வந்த ஏற்பாடு.

"பெரியவன் சின்னவனுக்கு நாள விட்டுக் குடுக்கறான், பாத்தியா?" என்றார் கண்டக்டரய்யா. விரல் நின்றிருந்தது. "ஏன் குடுக்கறான்? நாளைக்கு அந்தப் பசங்கதான் அவன்கிட்ட ஆட வரணும். வெதநெல்ல தின்னா அடுத்த போகம் ஏது?"

அங்கே ஏலம் கிடையாது என்பதையும் அவர் சொல்லித்தான் அந்தப் பெஞ்ச் தெரிந்துகொண்டது. கல்லூரியில் ஆடிய பிள்ளைகளை லீக் அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. போன வருடம் கடைசி இடத்தில் நின்ற அணிக்கு முதல் முறை. கோப்பை வாங்கியவனுக்குக் கடைசி முறை. 1936-லிருந்து இப்படித்தான் நடக்கிறது. கோர்ட் குமாஸ்தாவுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. நியாயம் என்றால் இது நியாயம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அதற்காக அமெரிக்காவில் நடப்பதெல்லாம் சரி என்று அவர் சொல்வதில்லை. கல்லூரி ஆட்டத்தை வைத்து அங்கே கோடி கோடியாகச் சம்பாதித்தார்கள். ஆடிய பிள்ளைக்குப் படிப்புச் செலவைத் தவிர ஒரு காசு வாங்க அனுமதி இல்லை. 2021-இல்தான் தன் பெயரையும் படத்தையும் வைத்து அவர்கள் சம்பாதிக்கலாம் என்று விட்டார்கள். 2025-இல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று கோர்ட் ஒப்பந்தம் வந்தது. இந்தப் பணம் வந்ததும் பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு கல்லூரி மாறுகிறார்கள், ஆட்டம் கெட்டுவிட்டது என்று அங்கே ஒரு கூட்டம் புலம்புகிறது. கண்டக்டரய்யா அந்தக் கூட்டத்தோடு சேரவில்லை. "நாள் பூரா ஓட்ன வண்டிக்குக் கூலி வேணாவா? ஒழச்சவனுக்குக் குடுத்துதான் ஆவணும். படிப்ப மட்டும் பாதில விடாம பாத்துக்கணும், அவ்ளோதான்." தொழிற்சங்கத்தில் இருந்தவர் பேசும் தோரணையில் அதைச் சொன்னார்.

அவர் ஒரு எண்ணை மட்டும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். 92,003. 2023 ஆகஸ்ட் 30-ஆம் தேதி, அதே லிங்கன் மெமோரியல் ஸ்டேடியத்தின் நடுவில் வாலிபால் கோர்ட் போட்டு, நெப்ராஸ்கா பெண்கள் அணியும் ஒமாஹா பெண்கள் அணியும் ஆடின. பார்க்க வந்தவர்கள் 92,003 பேர். பெண்கள் விளையாட்டுக்கு அதுவரை உலகத்தில் எங்கேயும் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை என்று பதிவானது. அவருடைய மகளும் பேத்தியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பேத்தி அனுப்பிய வீடியோவை அந்த வாரம் கடைக்கு வந்த எல்லோருக்கும் காட்டினார். பந்து விழும் சத்தம் கேட்காது, இரைச்சல் மட்டும் கேட்கும். "கல்லூரிப் பொண்ணுங்க. வாலிபால். தொண்ணூத்தி ரெண்டாயிரம் பேரு" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அப்போது கல்லூரிப் பையன் ஒருவன், "அங்க காசு இருக்கு தாத்தா, கட்டறாங்க. நம்ம ஊர்ல யாரு?" என்றான். அவர் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. டீ கிளாசைக் கீழே வைத்தார். "காசு வந்ததால ஜனம் வரல. ஜனம் வந்ததால காசு வந்துச்சி" என்றார். பையன் ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சு அன்றைக்கு அப்படியே நின்றது.

அவர் ஏன் இப்படிப் பேசுகிறார் என்பது திருப்பதியில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. வேறு வேலையாகப் போயிருந்தேன். எஸ்.வி. பல்கலைக்கழகத்துக்குள் ஒரு அலுவலகத்தில் காத்திருக்கச் சொன்னார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மைதானத்துப் பக்கம் விசில் சத்தம் கேட்டு நடந்தேன். மண் கோர்ட்டில் கல்லூரிப் பெண்களுக்குள் வாலிபால் ஆட்டம். பின்னால் சேஷாசலம் மலை பளிச்சென்று நிற்கிறது. சாதாரண நாளிலேயே அறுபதாயிரம் பேருக்கு மேல் தரிசனம் செய்யும் ஊர். பஸ் நிலையத்திலும் அலிபிரியிலும் கால் வைக்க இடம் இருக்காது. இந்தக் கோர்ட்டைச் சுற்றி இரண்டு அணிகளின் மாற்று ஆட்டக்காரர்கள், இரண்டு பயிற்சியாளர்கள், நிழலில் சில மாணவிகள், தண்ணீர்க் கேனோடு ஒரு பணியாளர். கோட்டுக்கு வெளியே, வெயிலில், கக்கத்தில் நோட்டோடு கண்டக்டரய்யா.

அவர் என்னைக் கவனிக்கவில்லை. நானும் முன்னால் போகவில்லை. ஒரு புங்க மரத்தடியில் நின்று அவரையும் ஆட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அவர் பந்தைப் பார்க்கவில்லை. இது எனக்குப் புதிதாக இருந்தது. நாமெல்லாம் பந்து போகும் பக்கம் தலையைத் திருப்புவோம். அவர் கண் பந்து வரப்போகும் இடத்தில் இருக்கும் ஆளின் காலைப் பார்த்தது. லிஃப்டர் பந்தைத் தூக்குவதற்கு முன்பே அவர் பார்வை அட்டாக்கர் மேல் போய்விடும். பின் வரிசையில், மற்றவர்களைப் போல இல்லாமல் வேறு நிறச் சட்டையில், குள்ளமாக ஒரு பெண். லிபரோ. அவள் சர்வீஸ் போட முடியாது, வலைக்கு மேலே அடிக்க முடியாது. வேலையெல்லாம் கீழே விழப்போகும் பந்தை விழாமல் பார்ப்பதுதான். எதிர்ப்பக்கம் ஒருத்தி ஓங்கி அடித்த பந்து மூலைக்குப் போனது. இந்தப் பெண் அதற்கு முன்பே ஒரு எட்டு நகர்ந்திருந்தாள். மார்பு மண்ணில் படப் பாய்ந்து, தரைக்கும் பந்துக்கும் நடுவில் புறங்கையை நீட்டினாள். பந்து எழும்பியது. லிஃப்டர் ஓடி வந்து தூக்க, அட்டாக்கர் அடிக்க, பாயிண்ட் வந்தது. எல்லோரும் அடித்தவளைக் கட்டிக்கொண்டார்கள். லிபரோ எழுந்து முழங்கை மண்ணைத் தட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

கண்டக்டரய்யா அந்த லிபரோவுக்குக் கை தட்டினார். அவர் ஒருவர் தட்டும் சத்தம் அந்த மைதானத்தில் நன்றாகவே கேட்டது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். யார் என்று தெரியாத ஒரு கிழவர். ஒரு நொடி பார்த்துவிட்டு முட்டியை மடக்கி அடுத்த சர்வீசுக்குத் தயாரானாள். அதற்குப் பிறகு அவள் ஆடிய விதம் வேறு. பயிற்சியாளர் சொல்லாமலே இன்னும் ஒரு எட்டு முன்னே நின்றாள், குரல் கொடுத்து மற்றவர்களை நிறுத்தினாள். அவர் சிவப்புப் பேனாவை எடுத்து எதையோ எழுதினார்.

அந்த அணி தோற்றது. அவர் தோற்ற அணியின் பயிற்சியாளரிடம் போனார். தூரத்தில் இருந்ததால் என்ன பேசினார் என்று கேட்கவில்லை. அந்தப் பெண்ணைக் காட்டி ஏதோ சொன்னார், பயிற்சியாளர் தலையாட்டினார். பிறகு அவர் பஸ் பிடிக்கப் போய்விட்டார். வேலையில் இருந்த காலத்திலேயே அவர் இப்படித்தான் என்று பின்னால் டீக்கடைப் பேச்சில் தெரிந்தது. திருப்பதியில் வண்டி நிற்கும் இடைவேளையில் மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடுவார்கள். இவர் பல்கலைக்கழக மைதானத்துக்கு நடந்துவிடுவாராம். சித்தூரில் இருந்தால் பி.வி.கே.என். அரசுக் கல்லூரி மைதானம். ஓய்வூதியம் வாங்கும் வயதிலும் அது விடவில்லை.

அடுத்த ஞாயிறு கடையில் எல்லோரும் ஒரு பெரிய ஆட்டத்தைப் பற்றி அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நோட்டைத் திறந்து அந்த லிபரோவைப் பற்றிப் பேசினார். பேர் சொல்லவில்லை, சட்டை எண்ணைச் சொன்னார். "ஏழாம் நம்பரு. காலு பந்துக்கு முந்தி போவுது. இது சொல்லிக் குடுத்து வர்றது இல்ல." ஆட்டோக்காரர் முதலில் அசட்டையாகக் கேட்டார். போகப் போக, "எந்த ஊருப் பொண்ணு?" என்று விசாரித்தார். அதுவரை யாரும் அறியாத ஒரு பெண், அன்று ஒரு டீ குடித்து முடிக்கும் நேரத்துக்குச் சித்தூரில் பேசப்பட்டாள்.

ஜிம்மி ஜார்ஜை அவர் அன்றைக்கு நினைவுபடுத்தினார். கேரளப் பல்கலைக்கழக அணிக்கு ஆடி வளர்ந்தவர். அங்கிருந்து இந்திய அணி, பிறகு இத்தாலியின் தொழில்முறை லீக். அந்த நாட்டில் சம்பளத்துக்கு வாலிபால் ஆடிய முதல் இந்தியர். 1986-இல் சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கிய அணியில் இருந்தார். அடுத்த வருடமே, 32 வயதில், இத்தாலியில் கார் விபத்தில் போய்விட்டார். "அவர் காலத்துல யூனிவர்சிட்டி வாலிபாலுக்கு ஜனம் மரத்து மேல ஏறி நின்னு பாத்துது" என்றார். கிரிக்கெட்டிலும் அப்படி ஒரு காலம் இருந்தது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ரோஹிண்டன் பாரியா கோப்பை 1935-இல் தொடங்கியது. கவாஸ்கர் பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்காக அதில் ஆடியவர். தேர்வாளர்கள் அந்த ஆட்டங்களைப் பார்க்கப் போனார்கள், பத்திரிகைகள் ஸ்கோர் போட்டன. கோப்பை இன்றும் இருக்கிறது. பத்திரிகையில் அதன் ஸ்கோரைத் தேடினால் கிடைப்பதில்லை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று அவர் சொல்வதில்லை. 2020-இல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளை டிவியில் தேடிப் பிடித்துப் பார்ப்பார். ஆச்சார்ய நாகார்ஜுனா பல்கலைக்கழகத்தில் படித்த ஜோதி யர்ராஜி 2023-இல் செங்டு உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் தடை ஓட்டத்தில் வெண்கலம் வாங்கியபோது இரண்டு வாரம் அதையே பேசினார். பிள்ளைகளிடம் குறை இல்லை, நடத்துகிறவர்களிடமும் முன்பைவிட அக்கறை இருக்கிறது. வெளியே நின்று பார்க்கும் நம்மிடம்தான் குறை என்பது அவர் கட்சி.

வழக்கத்தை மீறி அவர் ஒரு திங்கட்கிழமை கடைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். 2025 நவம்பர் 3. முந்தின ராத்திரி நவி மும்பையில் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையை ஜெயித்திருந்தார்கள். அந்த அணியில் கடப்பா மாவட்டத்துக் கிராமத்துப் பெண் ஸ்ரீ சரணி. தொடரில் 14 விக்கெட். கடையில் இருந்த எல்லோருக்கும் அன்று டீக்கு அவர்தான் காசு கொடுத்தார். கல்லூரிப் பையன்கள் ஆரவாரமாகப் பேசினார்கள். அவர் அதிகம் பேசவில்லை. போகும்போது அவர்களிடம் மட்டும் சொன்னார்: "கடப்பாவுல இந்தப் பொண்ணு பந்து போடறப்ப எவனோ ஒருத்தன் நின்னு பாத்திருப்பான். நல்லா போடற, விடாதன்னு சொல்லியிருப்பான். அவன் பேரு ஒலகத்துக்குத் தெரியாது. நீங்க அவனா இருங்க."

பேருந்தில் டிக்கெட் கொடுத்த மனிதர். எந்தச் சங்கத்திலும் பதவி இல்லை. எந்தப் பிள்ளைக்கும் வாய்ப்பு வாங்கித்தரும் சக்தி அவருக்குக் கிடையாது. ஆனால் கருத்துச் சொல்லும் தகுதி அவருக்கு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வெயிலில் போய் நின்று பார்த்துவிட்டு வந்து பேசுகிறார். ஏலத் தொகையைப் படித்துவிட்டுப் பேசுகிறவர்களும், டிவியில் மறுபடி காட்டியதைப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்களும் நிறைய இருக்கிறோம். ஒரு விளையாட்டு உயிரோடு இருப்பதற்கு அவரைப் போன்றவர்கள் வேண்டும். ஐ.பி.எல். தொடங்கிவிட்டால் இரண்டு மாதம் தினமும் சாயங்காலம் நம்மை வாங்கிக்கொள்கிறது, அதற்கப்புறம் கபடி, அதற்கப்புறம் வேறொன்று. கல்லூரிப் பிள்ளைகளுக்காக ஒரு நாளை ஒதுக்கி வைக்கும் சட்டம் இங்கே இல்லை. அந்த நாளை நாமே ஒதுக்கலாம்.

உங்கள் ஊரிலும் ஒரு கல்லூரி மைதானம் இருக்கும். இந்தச் சனிக்கிழமை அங்கே ஏதாவது ஆட்டம் நடக்கிறதா என்று விசாரியுங்கள். நடந்தால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் கோட்டுக்கு வெளியே ஒரு மணி நேரம் நில்லுங்கள். நன்றாக ஆடுகிற பிள்ளைக்குக் கேட்கும்படி கை தட்டுங்கள், அது எந்த அணியாக இருந்தாலும் சரி.